ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் நாலு முள்

தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு அட்டைப்பெட்டியோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் பையும் வந்திருக்கும். அதில் எட்டு கூம்பு ஆணிகள், எட்டு நட்டுகள். கம்பெனி கொஞ்சம் தாராளமானதாக இருந்தால் நடுவில் குழி வைத்த எட்டு உலோக வட்டுகளும் இருக்கும். ஆணிக்கு ஸ்பைக் என்று பெயர். வட்டைச் சிலர் கப் என்பார்கள், சிலர் ஷூ என்பார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளில் இந்தப் பைக்குப் பெரும்பாலும் இரண்டே கதிதான். பிரிக்கப்படாமலே டி.வி. ஸ்டாண்டின் இழுப்பறையில் கிடக்கும். இல்லையென்றால், கடையிலிருந்து வந்த பையன் மாட்டிவிட்டுப் போயிருப்பான். அதற்குப் பிறகு யாரும் பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஸ்பைக்குக்கு இல்லாத பெருமையெல்லாம் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. பாஸ் இறுகும், பாடகரின் மூச்சுக்கூடக் கேட்கும், பெட்டியின் அதிர்வை முள் வழியாகத் தரைக்குள் இறக்கிவிட்டுத் திரும்ப மேலே வரவிடாது என்பார்கள். இரும்புக்கு அப்படி ஒருவழிப் பாதை எதுவும் தெரியாது. அதிர்வு இறங்குகிற வழியிலேயே ஏறவும் செய்யும். ஸ்பைக் செய்கிற வேலை கொத்தனாரும் தச்சரும் செய்கிற வேலை: பெட்டியை ஆடாமல், வேண்டிய சாய்மானத்தில், நிலையாக நிறுத்துவது. இதைச் சரியாகச் செய்தாலே போதும், காதுக்கு வித்தியாசம் தெரியும். செய்யாமல் விட்டால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய முள்ளாக இருந்தாலும் வீண்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஆறரை அங்குல ஊஃபரில் முன்னும் பின்னும் போய்வரும் பாகத்தின் எடை சுமார் 15 கிராம் என்று வையுங்கள். பெட்டி 20 கிலோ. கூம்பு 4 மில்லிமீட்டர் முன்னால் பாயும்போது பெட்டி பின்னால் உதைபட வேண்டியது ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு. தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, நாலு காலும் ஊன்றி நிற்கிற பெட்டியை ஊஃபரின் உதை பெரிதாக எதுவும் செய்துவிடாது. மூன்று காலில் நின்றுகொண்டு நாலாவது கால் காற்றில் தொங்கும் பெட்டியின் விஷயம் வேறு. அது ஒவ்வொரு மிருதங்க அடிக்கும் அந்த ஒரு மூலையில் தட்டிக்கொண்டிருக்கும். நமக்குக் கேட்பது மிருதங்கமும் அந்தத் தட்டலும் சேர்ந்த ஒன்று.

டீக்கடை பெஞ்ச் ஆடினால் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைக்கிறோமே, அதே பிரச்சினைதான் இது. மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஒரு தளத்தில் உட்கார்ந்துவிடும். நாலாவது புள்ளி வந்துவிட்டால் தரையும் அடிப்பலகையும் ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்தியிருக்க வேண்டும். நம் வீட்டுத் தரைகளில் அது நடக்கிற காரியமில்லை. ஸ்பைக்கில் மரை இருப்பதே இதற்காகத்தான். அட்டையை மடிப்பதற்குப் பதில் மரையைத் திருகுகிறோம்.

முனை ஏன் கூராக இருக்கிறது என்ற கேள்வி வரும். அது நம் ஊருக்காகச் செய்ததில்லை. ஹை-ஃபை மோகம் பிடித்த நாட்களில் பிரிட்டன் போன்ற குளிர்நாட்டு வீடுகளில் தரை முழுக்கக் கம்பளம் விரித்திருந்தார்கள். மெத்தென்ற கம்பளத்தின் மேல் கனமான பெட்டி ததும்பிக்கொண்டே நிற்கும். கூரான முள் கம்பள இழைகளுக்கு நடுவே புகுந்து, அடியிலிருக்கும் கெட்டித் தரையைத் தொடும். கம்பளத்துக்கும் சேதம் இல்லை. அங்கே அது அருமையான யோசனை. நம் ஹாலில் இருப்பதோ வெட்ரிஃபைட் டைல்ஸ், மொசைக், கிரானைட், பழைய வீடாக இருந்தால் ரெட் ஆக்சைடு. கம்பளமே இல்லாத தரையில் கூர்முனைக்கு வேலை கிடையாது, தொந்தரவுதான் உண்டு.

எவ்வளவு தொந்தரவு? 30 கிலோ பெட்டி நாலு முள்ளில் நின்றால் ஒரு முள்ளுக்கு ஏழரைக் கிலோ. முனையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் என்றால், அந்த இடத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 950 கிலோவைத் தாண்டும். அதே முள்ளுக்கு அடியில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டை வைத்தால் அழுத்தம் ஒன்றரைக் கிலோவுக்கு இறங்கிவிடும். ஆகவே கப் என்பது அலங்காரச் சாமான் இல்லை. டைல்ஸ் தரையில் கப் இல்லாமல் ஸ்பைக்கை நிறுத்தவே கூடாது.

தரைக்குத் தரை பாதிப்பு மாறும். மார்பிளும் ரெட் ஆக்சைடும் மென்மையானவை. முள் குழி பறித்துவிடும், அந்தக் குழி மறையாது. கிரானைட் தாங்கும். பளபளப்பான வெட்ரிஃபைட் டைல்ஸில் சாதா இரும்பு முள் டைலை வெட்டுவதைவிட, தானே தேய்ந்து பென்சிலால் கோடு போட்டதுபோல் சாம்பல் நிறத் தடம் விடுவதுதான் அதிகம். மேலே கிளேஸ் பூசிய டைலாக இருந்தால் அந்தப் பூச்சு சில்லாகப் பெயரவும் கூடும்.

டைல்ஸில் இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. புறநகர் அடுக்குமாடிகளில் வேகவேகமாகப் போட்ட டைல்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் கலவை முழுதாகப் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் ஒரு கரண்டி கலவையை வைத்து அழுத்திவிட்டால் மூலைகளுக்கு அடியில் காற்றுதான் இருக்கும். ஸ்பீக்கர் நிற்கப் போகிற இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தால் டைலைத் தட்டிப் பாருங்கள். நிரம்பிய டைல் கெட்டியாக, சுருக்கமாக ஒலிக்கும். பொள்ளல் டைல் ‘டொப்’பென்று பானைச் சத்தம் போடும். முள் அந்த மூலையில் விழுந்தால் டைல் விரியலாம். விரியாவிட்டாலும் பாஸ் வரும்போது டைலே அதிரும். பெட்டியை அரையடி நகர்த்தினால் தீர்ந்துவிடுகிற விஷயம் இது.

இனி மாட்டுவதைப் பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, இரண்டு பேராகப் பெட்டியை முதுகுப்பக்கமாகப் படுக்க வையுங்கள். பின்பக்க டெர்மினல்கள் நசுங்காத மாதிரி தலையணை கொடுங்கள். தூக்கும்போது கை ஊஃபர் கூம்பின் மேல் படக் கூடாது. அடிப்பலகையில் நாலு மரைத்துளைகள் தெரியும். ஸ்பைக்கில் முதலில் நட்டை ஏற்றி, பிறகு ஸ்பைக்கைத் துளைக்குள் விரலாலேயே முழுதாகத் திருகி உள்ளே அனுப்புங்கள். நாலையும் அப்படிச் செய்த பிறகு, ஒவ்வொன்றையும் ஒரே அளவு, அதாவது நாலு சுற்று, வெளியே எடுங்கள். இப்போது நாலும் ஒரே உயரம். ஏற்றவும் இறக்கவும் இடம் இருக்கிறது. நட்டை இறுக்க வேண்டாம். ஒருவர் பெட்டியை நிமிர்த்திக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் கப்புகளை அடியில் தள்ளி, முனை குழிக்குள் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். விரலை முள்ளுக்கு அடியில் வைக்காதீர்கள். கப்பை ஓரத்தில் பிடித்துத் தள்ளுங்கள்.

ஆட்டத்தைப் போக்கும் கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். பெட்டியின் தலையில் எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றி விரலால் அழுத்துங்கள். ‘டக்’கென்று ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தால் நாலில் ஏதோ ஒரு கால் தரையில் இல்லை. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. குனிந்து ஒவ்வொரு கப்பாக இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். எடை தாங்குகிற கப் அசையாது, அசைந்தாலும் முரண்டுபிடிக்கும். எடை இல்லாத கப் லகுவாகச் சுழலும். சுழல்கிற கப்பின் மேலிருக்கும் ஸ்பைக்கைக் கால் சுற்று, கால் சுற்றாகக் கீழே இறக்குங்கள். நாலு கப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி முரண்டுபிடித்தால் வேலை முடிந்தது. இதில் ஒரு தப்பு சுலபமாக நடக்கும்: தொங்கும் முள்ளை அளவுக்கு மேல் இறக்கிவிட்டால் அது எடையைப் பிடுங்கிக்கொள்ளும், பக்கத்துக் கால் தொங்க ஆரம்பிக்கும். அப்போது அறையைச் சுற்றிச் சுற்றி நாலு காலையும் துரத்திக்கொண்டிருப்போம். மூன்று கால்களைத் தொடாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் திருகுவது என்று முடிவு செய்துகொண்டால் இந்த வம்பு வராது.

மட்டம் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று போதும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்னது தாராளம். செல்போனிலும் மட்டம் பார்க்கலாம், ஆனால் பின்பக்கக் கேமராத் திட்டு இடிக்கும்; போனைப் பக்கவாட்டில் நிறுத்திப் பாருங்கள். நம் வீட்டு ஹால்களில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வழிந்தோடட்டும் என்று வாசல் பக்கமோ பால்கனிப் பக்கமோ லேசான வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஆகவே ஒரே உயரமுள்ள முட்களில் நின்றாலும் பெட்டி நேராக நிற்காது. வலப்பெட்டி ஒரு பக்கமும் இடப்பெட்டி இன்னொரு பக்கமும் சாய்ந்து நின்றால் பாடகரின் குரல் நடுவில் வந்து நிற்காமல் அலைபாயும். தரை மட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி நின்றால் சரி.

மரையின் கணக்கு தெரிந்தால் சாய்மானத்தையும் வேண்டியபடி வைக்கலாம். எம்8 மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் உயரும். எம்6 மரையில் 1 மில்லிமீட்டர். முன் முள்ளுக்கும் பின் முள்ளுக்கும் இடைவெளி 25 சென்டிமீட்டர் என்றால், முன் இரண்டையும் எம்8-ல் ஒரு சுற்று உயர்த்தினால் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் ட்வீட்டரின் குறி 15 மில்லிமீட்டர் மேலே போகும். ஒரு மீட்டர் உயரப் பெட்டியின் தலை 5 மில்லிமீட்டர் பின்னால் சாயும். சோபாவில் உட்கார்ந்தால் காது ஏறத்தாழ ட்வீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம். நம்மில் பலர் பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடி கேட்கிறவர்கள். காது 75 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். அப்போது பின் முட்களை நாலைந்து சுற்று உயர்த்திப் பெட்டியை முன்னால் கொஞ்சம் குனிய வைத்தால் சிம்பலும் தம்பூராவின் ரீங்காரமும் துலக்கமாகும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முன்னால் குனிந்த பெட்டி கவிழவும் தயாராக இருக்கும் பெட்டி. எவ்வளவு உயர்த்தினாலும் எம்8 ஸ்பைக்கின் மரை குறைந்தது 8 மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும். எம்6-க்கு 6 மில்லிமீட்டர்.

எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகு நட்டை மேலே ஏற்றி அடிப்பலகையோடு இறுக்க வேண்டும். நம் பட்டறைகளில் இதைத்தான் செக் நட் என்பார்கள். எம்8-க்கு 13-ஆம் நம்பர் ஸ்பானர், எம்6-க்கு 10. நட்டு முட்டும்வரை விரலால், பிறகு ஸ்பானரால் கால் சுற்று, அவ்வளவுதான். இறுக்கும்போது ஸ்பைக்கும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். பல ஸ்பைக்குகளில் குறுக்கே ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் ஒரு ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கியதும் மரையில் இருந்த இடுக்கு எடுபட்டு உயரம் மயிரிழை மாறும். அதனால் கப்புகளை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிடுங்கள். செக் நட் தளர்ந்திருந்தால் கரகரவென்று மெல்லிய சத்தம் வரும். வீணையின் கீழ்ஸ்தாயியில், சில ஆண்குரல்களில் மட்டும் வரும். ஸ்பீக்கரே கெட்டுவிட்டது என்று எண்ணி சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் இந்த நட்டைத் தொட்டுப் பாருங்கள்.

ஸ்பைக் தொலைந்துவிட்டாலோ கப் வரவில்லை என்றாலோ இணையத்தில் தேட வேண்டிய அவசியம் நம் பகுதிக்காரர்களுக்கு இல்லை. சென்னையின் மேற்கு விளிம்பு உலோகத்தைக் கடைந்தே வளர்ந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைந்து, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்டது. பக்கத்துப் பாடியில், போல்ட்டும் நட்டும் செய்வதையே தொழிலாகக் கொண்ட சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966-ல் தொடங்கியது. இவற்றுக்குத் துணையாக வந்த அம்பத்தூர் எஸ்டேட்டின் சந்துகளில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மைக்ரான் கணக்கில் கடைகிற கைகளுக்கு எட்டு பித்தளை வட்டு ஒரு வேலையே இல்லை. பெரிய ஜாப்புக்கு நடுவே ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

என்ன சொல்லிக் கேட்பது? 25 அல்லது 30 மில்லிமீட்டர் பித்தளை ராடிலிருந்து 6 மில்லிமீட்டர் தடிமனில் வட்டுகள், இரண்டு பக்கமும் ஃபேசிங், ஓரத்தில் கூர் எடுத்துவிட வேண்டும், நடுவில் குழி. குழியில்தான் விஷயம் இருக்கிறது. சென்டர் டிரில்லின் கோணம் 60 டிகிரி. உங்கள் ஸ்பைக்கின் கூம்பு அதைவிட அகன்றதாக இருந்தால், முனை குழியின் அடியைத் தொடாமல் விளிம்பிலேயே தொங்கி நிற்கும், சறுக்கும், சத்தமும் போடும். 90 டிகிரி கவுன்டர்சிங்க் போட்டு, ஆழம் 2 மில்லிமீட்டருக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். முனை மட்டும் அடியில் ஊன்ற வேண்டும், பக்கங்கள் எங்கும் உரசக் கூடாது. கையோடு ஒரு ஸ்பைக்கை எடுத்துப் போனால் இத்தனை விளக்கமும் தேவைப்படாது. அடிப்பக்கம் மெல்லிய ஃபெல்ட் ஒட்டிக்கொண்டால் டைலில் கீறல் விழாது. தடியான ரப்பர் ஒட்டினால் மறுபடியும் கம்பளத்தின் மேல் நிறுத்திய கதைதான்.

மரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லாப் பெட்டியிலும் எம்6, எம்8 இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்கக் கம்பெனிகளின் பெட்டிகள் பலவற்றில் கால் அங்குல மரை வரும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், எம்6-க்குப் பக்கத்தில் இருப்பதால் கண்ணால் பார்த்து ஏமாறலாம். 5/16 அங்குலம் 7.94 மில்லிமீட்டர், எம்8-க்கும் அதற்கும் விட்டத்தில் வித்தியாசமே தெரியாது, மரையின் இடைவெளிதான் வேறு. தப்பான ஸ்பைக் ஒன்றிரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். ‘கொஞ்சம் டைட்டா இருக்கு’ என்று ஸ்பானர் போட்டால் உள்ளே மரத்தூள் பலகையில் பதித்திருக்கும் மரைக்குப்பி பிடுங்கிக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும். விரலால் ஏறாத ஸ்பைக் அந்தப் பெட்டிக்கு உரியதில்லை. குப்பி ஏற்கனவே பிடுங்கிக்கொண்டிருந்தால், அதை வெளியே எடுத்து, துளையைச் சுத்தம் செய்து, அரால்டைட் போன்ற எபாக்ஸி தடவி நேராகப் பதித்து ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பசை மரைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சின்ன ஸ்பீக்கர்களுக்கு ஸ்டாண்ட் தேவைப்படுகிறவர்கள் தெருமுனை கிரில் பட்டறையிலேயே செய்துகொள்கிறார்கள். நல்ல யோசனைதான். சதுரக் குழாய், மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, கீழ்த் தகட்டின் நாலு மூலையிலும் எம்8 நட்டு வெல்டிங். வெல்டிங் சூட்டில் கீழ்த் தகடு வளையும். ஆகவே அந்த ஸ்டாண்ட் ஸ்பைக் இல்லாமல் நேராக நிற்கவே நிற்காது. குழாய் மணி போல ஒலிக்காமலிருக்க மணல் நிரப்பலாம். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போதும், ஆனால் இரண்டு நாள் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணல் உள்ளிருந்தே குழாயைத் துரு தின்ன வைக்கும். முக்கால் குழாய்க்கு மேல் நிரப்பத் தேவையில்லை.

பராமரிப்பு என்றால் நம் ஊரில் முதல் எதிரி துடைப்புத் துணி. தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீடு நம்முடையது. கப்பின் குழியில் தண்ணீர் தேங்கும். பித்தளைக் கப்பும் இரும்பு முள்ளும் ஈரத்தில் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தத் துரு வழிந்து டைல் இடுக்கிலும் மொசைக்கிலும் ஊறிவிட்டால் போகாது. குழிக்குள் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து, முள்ளின் மேல் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டால் போதும். எண்ணெய் அடிப்பலகையில் படக் கூடாது. கப் கறுத்துப்போனால் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாம், கழுவிக் காயவைத்துத்தான் திரும்ப வைக்க வேண்டும்.

இதே துடைப்புத் துணியைப் பார்த்தால் ஸ்பைக்கின் ஒரு பெரிய உபயோகமும் புரியும், வெளிநாட்டு விளம்பரம் எதிலும் இது வராது. பெட்டிகள் பெரும்பாலும் மரத்தூள் பலகையால் செய்தவை. தரையோடு தரையாக நிற்கிற பெட்டியின் அடி ஈரத்தை உறிஞ்சி இரண்டு மழைக்காலத்தில் பணியாரம் மாதிரி உப்பிவிடும். ஸ்பைக்கும் கப்பும் சேர்ந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கிவிட்டால் அடியில் காற்றோடும், துணி தொடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர், கொரட்டூர்த் தரைத்தள வீடுகளுக்குள் வந்த மாதிரி தண்ணீர் வந்தால் மூன்று சென்டிமீட்டர் எதற்கும் ஆகாது. பெட்டியைக் கட்டிலில் ஏற்ற வேண்டியதுதான். அந்த அவசரத்திலும் இழுக்காமல் தூக்குங்கள். முள் மாட்டிய பெட்டியை இழுத்தால் டைலில் கோடு விழும், குப்பியும் பிடுங்கிக்கொள்ளும்.

ஸ்பைக்குக்குப் பதிலாக ரப்பர் கால் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் எல்லா ரப்பரும் அதிர்வைத் தடுக்காது. எடை ஏறியதும் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். கால் மில்லிமீட்டர் அமுங்கும் கெட்டி ரப்பரின் மேல் பெட்டி நொடிக்கு 32 தடவை என்ற கணக்கில் ஊசலாடும். அது பாஸ் ஒலிக்குள்ளேயே வருகிற எண். தடுப்பதற்குப் பதிலாக அங்கே தூக்கிவிடும். இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கினால் அது 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், அப்போதுதான் இசைக்குக் கீழே போய்ப் பயன் தரும். கனடாவின் ஐசோஅக்கூஸ்டிக்ஸ் மாதிரியான கம்பெனிகள் எடைக்குத் தக்கபடி கால்களைத் தனித்தனி அளவில் விற்பது இதனால்தான். மரத்தளம் போட்ட வீட்டுக்கும் மாடியில் மரப்பலகை மேடைக்கும் அந்தச் செலவு நியாயம். கான்கிரீட் தளத்தின் மேல் டைல்ஸ் ஒட்டிய ஹாலுக்கு, ஆடாமல் நிற்கும் ஸ்பைக்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் விலையில் தெரிகிற அளவுக்குக் காதில் தெரியாது என்பது என் கருத்து. கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார் என்றால் அதற்கும் காலை மாற்றிப் பெரிய பயன் இல்லை. பாஸ் பெரும்பாலும் காற்று வழியாகவே சுவரையும் தளத்தையும் ஆட்டிக்கொண்டு இறங்குகிறது.

அதேபோல ஹாலில் ‘கும்’மென்று அடைக்கும் பாஸுக்கும் ஸ்பைக் மருந்தில்லை. நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர் உள்ள 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி தானாகவே எழும்பி நிற்கும். அறையின் நீளம் செய்கிற வேலை அது. பெட்டியை மூலையிலிருந்து வெளியே இழுப்பது, பின்சுவரிலிருந்து ஓரடி தள்ளுவது, உட்காரும் இடத்தை மாற்றுவது, கனத்த திரைச்சீலை போடுவதற்கு முன்னால் புத்தக அலமாரியைப் பின்சுவருக்குக் கொண்டுபோவது: இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு முள்ளுக்குச் செலவழியுங்கள். பெட்டியின் இடம் முடிவான பிறகுதான் ஸ்பைக்கை மாட்டவே வேண்டும். முள்ளோடு நகர்த்தி நகர்த்தி இடம் தேடினால் தரை போய்விடும்.

வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். போகிக்கு வீட்டைப் புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்யும்போது எப்படியும் பெட்டி நகரும். திரும்ப வைக்கும்போது கப்பைச் சுற்றிப் பாருங்கள், செக் நட்டைத் தொட்டுப் பாருங்கள், துருவைத் துடையுங்கள். வெள்ளையடிக்க வரும் ஆட்களிடம் இந்தப் பெட்டியை இழுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெட்டியின் அடியில் துளை வைத்துப் பாஸை வெளியே விடுகிற மாடலாக இருந்தால், கம்பெனி சொன்ன இடைவெளியை மாற்றாதீர்கள்.

நடை பழகும் குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் என் ஆலோசனை வேறு. குழந்தை பிடித்து எழ முயல்வது கைக்கு எட்டும் எதையும்தான். 20 கிலோ பெட்டியும் அதற்கு ஒரு தூண். கப் குழியிலிருந்து முள் வழுக்கினால் பெட்டி சாயும், முள் நேராகக் காலில் இறங்கும். குழந்தைக்கு நாலைந்து வயது ஆகும்வரை ஸ்பைக்கைக் கழற்றி, அதே மரையில் ஏறும் தட்டையான கால்களைப் போட்டு, பெட்டியின் முதுகிலிருந்து சுவருக்கு ஒரு பட்டை கட்டிவிடுங்கள். கழற்றிய எட்டு முள்ளையும் எட்டு நட்டையும் பழைய பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்தப் பெட்டிக்கு உரியது, என்ன மரை என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.